பந்தி விசாரணை யார் கையில்? தோட்டத்துச் சபைகளின் பிணக்கும் கிறிஸ்தவரின் கடமையும்

கேகாலை மாவட்டத்தின் ருவான்வெல்லை, யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கிறிஸ்தவ சபைக்குள் பிணக்கு வந்தால், அது ஆலய வாசலோடு நிற்காது. கொழும்பில் ஒருவருக்குத் தம் போதகரோடு மனக்கசப்பு என்றால் அடுத்த ஞாயிறு வேறு ஆலயத்துக்குப் போய்விடலாம்; ஏன் என்று கேட்க ஆளிருக்காது. தோட்டத்தில் அப்படி ஒதுங்க இடமில்லை. சபைக் கூட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட இருவரும் மறுநாள் விடியலில் ஒரே பெரட்டில் நிற்கவேண்டும், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கவேண்டும், ஒரே லயத்தில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுக்கவேண்டும். பெண் கொடுத்து எடுத்த உறவும் அதே லயத்துக்குள்தான் இருக்கும். இருபது முப்பது குடும்பம் உள்ள சபையில் நாலு குடும்பம் விலகினால் பாட்டுக்குக் குரல் குறையும், சாவு வீட்டில் தோள்கொடுக்க ஆள் குறையும்.

பிணக்கு எதைப் பற்றி வருகிறது? வேத சத்தியத்தைப் பற்றி வருவது அபூர்வம். திருவிழாக் கணக்கு, கமிட்டியில் யார் தலைவர், குருவானவர் வந்தால் யார் வீட்டில் சாப்பாடு, ஆராதனை தமிழிலா சிங்களத்திலா, பழைய சபையை விட்டு ஜெப வீட்டுக்குப் போனவரின் தாயாரை எந்த மண்ணில் அடக்கம் செய்வது: இவைதான். தொழிற்சங்கத் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்கள் ஆலயக் கமிட்டியிலும் எதிரெதிராக உட்காருவார்கள். இவற்றைச் சில்லறை விஷயங்கள் என்று மேலிடத்துக் குருமார் சிலர் ஒதுக்குவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே கேள்வி இருக்கிறது. இந்தச் சபையில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு?

அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் சமாதானத்தைப் பற்றி மாத்திரம் பிரசங்கித்தால் பிணக்கு தீராது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்கு ஆதாரமாக நம் தோட்டங்களின் வரலாற்றிலிருந்தே ஒரு பெரிய பிணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மத்தியில் கிறிஸ்தவப் பணி செய்ய 1854 அளவில் ஓர் அமைப்பு உருவானது. அன்று அதற்கு இட்ட பெயர் தமிழ்க் கூலி மிஷன். பெயரிலேயே அக்காலத்தின் பார்வை தெரிகிறது. பின்னாளில் அது தமிழ்ச் சபை மிஷன் என்று திருந்தியது. சர்ச் மிஷனரி சங்கம், அதாவது சி.எம்.எஸ்., மேற்பார்வைக்கு மிஷனரியைக் கொடுத்தது. செலவின் பெரும் பங்கைத் துரைமாரின் சந்தா தாங்கியது. தோட்டம் தோட்டமாக நடந்து, லயத்து வாசலில் உட்கார்ந்து, ஜெபமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசிமார். பணம் ஒருவருடையது, அதிகாரம் இன்னொருவருடையது, நடந்த கால் மூன்றாமவருடையது. இப்படி அமைந்த ஒரு வேலையில் பிணக்கு வராமல் இருந்தால்தான் வியப்பு.

1876இல் அது வந்தது. கொழும்பின் புதிய ஆயராக ரெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன் வந்து இறங்கினார். அவருக்கு அப்போது வயது முப்பதுதான். இங்கிலாந்துத் திருச்சபைக்குள் சடங்குக்கும் ஆயரின் அதிகாரத்துக்கும் மதிப்புக் கொடுக்கும் பிரிவைச் சார்ந்தவர். சி.எம்.எஸ். மிஷனரிமாரோ வேத வாசிப்பையும் பிரசங்கத்தையும் முன்னிறுத்தும் பிரிவினர். அவர்களில் பலர் ஆயரைவிட வயதில் மூத்தவர்கள். ஒரு பிரதேசத்தின் கிறிஸ்தவப் பணி முழுவதும், தமிழ்ப் பணி உட்பட, அப்பிரதேசத்துக் குருவானவரின் கீழ் வரவேண்டும் என்று ஆயர் விரும்பினார். சபை ஒன்று, ஆயர் ஒருவர், ஆகவே ஒழுங்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அவர் நியாயம். அந்தக் குருமார் பெரும்பாலும் ஐரோப்பியருக்கு ஆராதனை நடத்த நியமிக்கப்பட்டவர்கள். தமிழறியாதவர்களின் கையில், அதிலும் சடங்குப் பற்றுள்ளவர்களின் கையில், தங்கள் உபதேசிமாரை ஒப்படைக்கமாட்டோம் என்பது மிஷனரிமாரின் நியாயம். இரண்டையும் தள்ளிவிட முடியாது.

ஆயர் மிஷனரிமாரின் உரிமப் பத்திரங்களை மீளப் பெற்றுக்கொண்டார். பெரும்பாலானவர்களுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தாலும், காயம் ஆறவில்லை. விவகாரம் கொழும்புப் பத்திரிகைகளுக்குப் போனது, அங்கிருந்து லண்டனுக்குப் போனது. கடைசியில் கன்டர்பரி, யோர்க் பேராயர்கள் இருவரும் லண்டன், டர்ஹம், வின்செஸ்டர் ஆயர்கள் மூவரும் ஆக ஐந்து பேரிடம் வழக்கை ஒப்படைத்தார்கள். 1880இல் அவர்கள் கருத்துச் சொன்னார்கள். ஆயரின் அதிகாரம் எதுவரை, மிஷனரியின் சுதந்திரம் எதுவரை என்று எல்லை வகுக்கப்பட்டது. இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. கொப்பிள்ஸ்டன் 1902 வரை கொழும்பில் ஆயராக இருந்தார், சி.எம்.எஸ்ஸோடு சேர்ந்து உழைத்தார். பின்பு கல்கத்தாவின் பேராயராகப் போனார்.

இதில் பாராட்ட வேண்டியது நிறைய உண்டு. கோபம் உச்சத்தில் இருந்தபோதும் யாரும் சபையை உடைத்துக்கொண்டு போகவில்லை. தங்களுக்கு வெளியே உள்ளவர்களின் தீர்ப்புக்குத் தலைவணங்கினார்கள். தோற்ற இடத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு அதே மனிதரோடு மறுபடியும் வேலை செய்தார்கள். இன்றைய சபைத் தலைவர்களில் எத்தனை பேருக்கு இது இயலும்?

ஆனால் அதே ஆண்டுகளில் தோட்டங்களில் என்ன நடந்தது என்று பார்க்காமல் இந்தக் கதையை முடிக்கக் கூடாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். பசிக்குத் தப்பிய குடும்பங்கள் தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தன. வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் கங்காணிக்குக் கடனாளியாக லயத்துக்குள் நுழைந்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலமும் அதுதான். அந்த மக்களுக்குப் பக்கத்தில் நின்ற சபைக்காரர் பெரும்பாலும் உபதேசிமாரே. அந்த உபதேசிமாருக்கு மேலதிகாரி யார் என்பதே வழக்கு. வாதாடிய இரு தரப்பும் ஐரோப்பியர். விசாரித்தவர்கள் இங்கிலாந்தின் ஆயர்கள். உபதேசியாரையும் லயத்துக் கிறிஸ்தவரையும் வழக்கின் பொருளாக வைத்தார்கள், தரப்பாக வைக்கவில்லை. ஆகவே தீர்ப்பு மேலே இருந்தவர்களுக்குச் சமாதானம் தந்தது. உபதேசியாரின் நிலை, சம்பளம், சொல்லுரிமை ஆகியவை கேள்வியாகவே எழவில்லை.

களனிப் பள்ளத்தாக்கில் தேயிலையும், அதன் பின் இறப்பரும் பரவியது இதற்கு அடுத்த காலத்தில். ருவான்வெல்லைப் பக்கத்து லயங்கள் நிரம்பியபோது இந்த அமைப்புமுறையும் சேர்ந்தே வந்தது. கத்தோலிக்கரின் கதை நிர்வாகத்தில் வேறு, அனுபவத்தில் நெருக்கமானது. சப்ரகமுவ மாகாணம் நெடுங்காலம் 1893இல் அமைந்த காலி மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1995இல்தான் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்டு இரத்தினபுரி மறைமாவட்டம் தனியாக உருவானது. அதுவரை ஒரு தோட்டத்து விசுவாசி தன் ஆயரைப் பார்க்க மலை இறங்கித் தென்கரைக்குப் போகவேண்டும். தூரம் வெறும் மைல் கணக்கல்ல. முறைப்பாடு சொல்ல வழியில்லாத இடத்தில் முறைப்பாடு முணுமுணுப்பாகும். முணுமுணுப்பு ஒருநாள் சண்டையாகும்.

எருசலேமின் முதல் சபையிலும் முணுமுணுப்பிலிருந்துதான் தொடக்கம். அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம் அதை மறைக்காமல் சொல்கிறது. நாளாந்தப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் விடுபட்டுப்போனார்கள். எபிரெய மொழிக்காரர் மீது குறை எழுந்தது. மொழி, உணவு, ஏழைப் பெண்கள், பங்கீட்டில் பாரபட்சம்: நம் தோட்டத்துச் சபைகளின் பிணக்குகள் முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கின்றன. அப்போஸ்தலர் பன்னிருவரும் எபிரெயர். அவர்கள் குறை சொன்னவர்களைக் கண்டித்திருக்கலாம், பொறுமையைப் பற்றிப் போதித்திருக்கலாம், தங்களில் ஒருவரை மேற்பார்வைக்கு வைத்திருக்கலாம். இவற்றில் எதையும் செய்யவில்லை. சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழு பேர். ஏழும் கிரேக்கப் பெயர்கள். எபிரெயக் கைம்பெண்களுக்கும் சேர்த்துப் பந்தி விசாரணை முழுவதையும் குறைப்பட்ட தரப்பின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். வேத விளக்கக்காரர் பலர் இதைக் கவனித்திருக்கிறார்கள்; நம் பிரசங்க மேடைகளில் இது போதிய அளவு கேட்கவில்லை.

1880இன் தீர்ப்பையும் இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று அதிகாரத்துக்கு எல்லை வகுத்தது. மற்றது அதிகாரத்தைக் கைமாற்றியது. முன்னதால் சபை பிழைத்தது. பின்னதால், நடபடிகளின் அதே ஆறாம் அதிகாரம் அடுத்த வரியில் சொல்கிறபடி, சபை பெருகியது.

இதற்கு எதிராக ஒரு கேள்வி எழலாம். குறைப்படுகிறவர்கள் எல்லோரும் நியாயவாதிகளா? இல்லை. அதற்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறே சாட்சி. 1833இல் கல்கத்தா ஆயர் டானியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டார். தனி இருக்கையும் திருவிருந்தில் தனித்துப் பருகுவதும் கூடாது என்றார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருந்தொகையான கிறிஸ்தவர் எதிர்த்து விலகினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முந்தியே தஞ்சையின் பெரும் புலவர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) புதிய மிஷனரிமாரை எதிர்த்து எழுதியிருந்தார். அவருடைய குறைகளில் சாதியைக் கலப்பது ஒன்று. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, பண்டிகைப் பூ அலங்காரத்தையும் தமிழிசையையும் தள்ளுவது ஆகியவை மற்றவை. ஒரே மூட்டைக்குள் நியாயமும் அநியாயமும் சேர்ந்து கிடந்தன. தமிழிசைக்காக அவர் போராடியது சரி. அதற்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம். சாதிக்காக வாதாடியது தவறு. மிஷனரிமார் மூட்டையை அவிழ்க்கவில்லை. முழுவதையும் கலகம் என்று தள்ளினார்கள். எதிர்த்தவர்களும் அவிழ்க்கவில்லை, முழுவதையும் பாரம்பரியம் என்று பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு சபைப் பிணக்கில் முதலில் செய்யவேண்டிய வேலை அந்த மூட்டையை அவிழ்ப்பதுதான். எது ருசி, எது வழக்கம், எது காயம், எது பாவம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கவேண்டும். ருசியில் விட்டுக்கொடுக்கலாம். வழக்கத்தைப் பேசித் தீர்க்கலாம். காயத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். பாவத்தோடு சமரசம் கிடையாது. தாழ்த்தப்பட்டவர் பின்வரிசையில் உட்கார்ந்து வாங்கிக்கொடுக்கும் அமைதியைச் சமாதானம் என்று சொன்னால் அது பொய். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் அதைத்தான்: வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்ண, இல்லாதவர்கள் பசித்திருக்கிற பந்தி கர்த்தருடைய பந்தியாக இருக்க முடியாது என்றார்.

திருநெல்வேலியில் நடந்த இன்னொரு பிணக்கையும் சொல்லாமல் விடமுடியாது, நம் உபதேசிமார் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் ஆகையால். 1820 முதல் அங்கே உழைத்த ஜெர்மானிய மிஷனரி ரேனியுஸ் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குகளை விமர்சித்தார்; 1835இல் சி.எம்.எஸ். அவரைப் பணியிலிருந்து விலக்கியது. அவர் ஆற்காட்டுப் பக்கம் போய்விட்டார். திருநெல்வேலி உபதேசிமாரில் பலர் அவரைத் திரும்ப அழைத்தார்கள், வந்தார், சபைகள் இரண்டாகப் பிளந்தன. ஒரே ஊரில் இரு தரப்பும் ஒன்றையொன்று சந்தேகித்த கசப்பான மூன்று ஆண்டுகள் அவை. 1838இல் ரேனியுஸ் இறந்தபின் அவர் தரப்பினர் சங்கத்தோடு திரும்பச் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மனிதரின் மீது வைத்த அன்பு எவ்வளவு பெரிதானாலும், அதன்மேல் ஒரு சபையைக் கட்டினால் அந்த மனிதரின் ஆயுள்தான் அந்தச் சபையின் ஆயுள். இது பவுலின் ஆள், அவர் அப்பொல்லோவின் ஆள் என்று கொரிந்தில் பிரிந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இன்று ஒரு பாஸ்டரின் பெயரால் தோட்டத்தில் எழும் ஜெப வீடுகளுக்கும், அவரைக் கரித்துக்கொட்டுகிற பழைய சபைகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

மாறாக 1857இல் முக்குப்பேரியில் சட்டாம்பிள்ளை தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபையைப் பாருங்கள். மிஷனரிமாரின் அவமதிப்பைத் தாங்காத நாடார் கிறிஸ்தவர் வெளியேறித் தங்களுக்கென்று அமைத்த சபை அது. மிஷனரி கால்டுவெல் 1849இல் அச்சமுதாயத்தைப் பற்றி எழுதிய நூலும் அந்தக் காயங்களில் ஒன்று. அந்தப் பிரிவுக்கு வெளியேறியவர்கள் மாத்திரம் பொறுப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உள்ளே பேச இடம் கொடாத சபை, வெளியே போனவர்களைப் பிரிவினைக்காரர் என்று அழைப்பதில் நேர்மை குறைவு.

இனி நம் காலத்துக்கு வருவோம். மலையகச் சபைகளை உள்ளே நடந்த சண்டைகளைவிட வெளியே நடந்தவை அதிகம் சிதைத்தன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. சபைக்குச் சபை குடும்பங்கள் கப்பலேறின. பாடகர் குழுவும் ஞாயிறு பாடசாலை ஆசிரியரும் ஞானப்பெற்றோரும் பிரிந்தார்கள். 1977இலும் 1981இலும் 1983இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டன, எரிந்தன. சிங்களப் பெரும்பான்மைக்கு நடுவே சிதறிக்கிடக்கும் சிறு தமிழ்த் தொகுதி நாம். மத்திய மலைநாட்டில் இருக்கும் எண்ணிக்கையின் பாதுகாப்பு நமக்கில்லை. ஒரே கோவிலில் காலையில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் ஆராதனை நடக்கும் இடங்களில், இந்த நினைவுகள் இரு ஆராதனைகளுக்கும் இடையே உட்கார்ந்திருக்கின்றன. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அதுவும் ஒரு பிணக்குத்தான், குரலில்லாத பிணக்கு.

அந்த மௌனத்தை ஒருவர் உடைத்தார். குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1962 முதல் அப்பதவியில் இருந்தவர், மனித உரிமைக்காக வெளிப்படையாகக் குரல்கொடுத்தவர், சிங்களவர். 1983 யூலை வன்செயலுக்குப் பிறகு தம் மக்களுக்கு ஆற்றிய கடைசி ஆயர் உரையில், நடந்ததற்குச் சிங்களவராகிய நாம் வெட்கப்படவேண்டும், தமிழரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்ற பொருளில் பேசினார். இரு தரப்பிலும் தவறுண்டு என்று தொடங்கும் வழக்கமான சமாதானப் பேச்சாக அது இல்லை. தம் தரப்பின் பிழையைத் தம் தரப்பாரிடமே சொன்னார். அதே ஆண்டு ஒக்டோபரில் காலமானார். சபைப் பிணக்கில் ஒரு கிறிஸ்தவர் எப்படி நிற்கவேண்டும் என்று என்னிடம் கேட்டால் முதலில் அவரைத்தான் காட்டுவேன். பலம் உள்ள தரப்பில் இருப்பவர், தம் பலத்தைக் காக்க வேதத்தை எடுக்காமல், தம்மைச் சோதிக்க வேதத்தை எடுத்தார்.

தனி மனிதர் செய்யவேண்டியது என்ன? மத்தேயு பதினெட்டாம் அதிகாரத்தின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும்: முதலில் தனியே போய்ப் பேசு, கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல். நம் வழக்கம் இதற்கு நேர் தலைகீழ். முதலில் பீலிக்கரையில் எல்லோருக்கும் சொல்கிறோம். பிறகு ஓரிருவரைக் கூட்டுச் சேர்க்கிறோம். சம்பந்தப்பட்டவரின் முகத்துக்கு நேரே கடைசிவரை பேசுவதேயில்லை. சிறு சமூகத்தில் முகத்துக்கு நேரே பேசப் பயம் இருப்பது இயல்பு. கணக்கப்பிள்ளையாக இருக்கும் கமிட்டித் தலைவரிடம் ஒரு தொழிலாளி எப்படித் தனியே போய்க் குறை சொல்வார், நாளைக்கு வேலை கொடுப்பவரும் அவரேயானால்? ஆகவே தனியே போகும் கடமை பெரும்பாலும் மேலே இருப்பவருக்கே உரியது என்று நான் வாசிக்கிறேன். தனக்கு விரோதமாகச் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்லும் மலைப்பிரசங்கப் பகுதி, குறை உடையவரை அல்ல, குறைக்குக் காரணமானவரையே முதலில் நடக்கச் சொல்கிறது.

எல்லாவற்றையும் தனியே பேசவேண்டும் என்பதுமில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உண்பதை நிறுத்திப் பின்வாங்கியபோது, பவுல் எல்லோர் முன்னும் அவரை எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. தவறு எல்லோர் முன்னும் நடந்தது, ஆகவே திருத்தமும் அப்படியே நடந்தது. திருவிழாப் பணம் எல்லோருடைய பணம். அதைப் பற்றிய கேள்வியைக் கூட்டத்தில் கேட்டவரை, ஏன் தனியே வந்து கேட்கவில்லை என்று கண்டிப்பது நியாயமில்லை.

கத்தோலிக்கருக்கு இதில் சட்டத்தின் துணையும் உண்டு, அது போதிய அளவு தெரியாமல் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 212ஆம் பிரிவு, திருச்சபையின் நன்மை பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமையும் சில வேளைகளில் கடமையும் உண்டு என்கிறது. 537ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தேயாகவேண்டும். 1446ஆம் பிரிவு வழக்குகளைத் தவிர்த்துச் சமாதானமாகத் தீர்க்க முயலச் சொல்கிறது. ஒரு மேலதிகாரியின் எழுத்து மூலமான ஆணையால் பாதிக்கப்பட்டவர் அதை மாற்றக் கோருவதற்கு, 1734ஆம் பிரிவு பத்து நாள் அவகாசம் தருகிறது. எங்கள் பாதருக்கு மேல் யார் இருக்கிறார் என்று கையை விரிக்க வேண்டியதில்லை. ஆயருக்கும் மேலிடத்திலிருந்து வந்த ஒரு தண்டனைகூட மீளப்பெறப்பட்டிருக்கிறது: இலங்கை இறையியலாளர் திஸ்ஸ பாலசூரிய 1997 ஜனவரியில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார், அவர் திருச்சபையை விட்டுப் போகாமல் முறையிட்டுக்கொண்டே இருந்தார், ஓராண்டுக்குப் பின் 1998 ஜனவரியில் அத்தண்டனை நீங்கியது.

நீதிமன்றத்துக்குப் போகலாமா? சகோதரர் மேல் சகோதரர் வழக்காடுவதைப் பவுல் கடிந்துகொண்டார். தமிழ்நாட்டில் திருச்சபைத் தேர்தலும் சொத்தும் பற்றிய வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை குவிந்திருப்பதைப் பார்த்தால் அவர் ஏன் கடிந்தார் என்று விளங்கும். வழக்கில் வென்ற தரப்புக்குக் கட்டிடம் கிடைக்கிறது, சபை கிடைப்பதில்லை. காணி எல்லை, கடன், அடிதடி போன்ற விவகாரங்களுக்கு நம் நாட்டில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. மக்கள் இணக்க சபை என்பார்கள். சட்டத்தரணி வேண்டாம், செலவும் கிடையாது. உள்ளே தீராததை அங்கே கொண்டுபோவதில் கிறிஸ்தவருக்கு வெட்கம் எதுவும் இல்லை.

ஒன்றை மாத்திரம் தெளிவாகப் பிரித்து வைக்கவேண்டும். சிறுபிள்ளையைத் துன்புறுத்துவதும் பெண்ணை அடிப்பதும் வல்லுறவும் சபைப் பிணக்கு அல்ல, குற்றம். அங்கே மத்தேயு பதினெட்டைக் காட்டி, பாதிக்கப்பட்டவரைத் துன்புறுத்தியவரோடு தனியே உட்காரச் சொல்வது இரண்டாவது கொடுமை. சபையின் பேர் கெட்டுவிடும் என்று மூடி மறைத்த சபைகளின் பேர் உலகெங்கும் எப்படிக் கெட்டது என்பதை இந்த இருபது முப்பது ஆண்டுகளில் பார்த்துவிட்டோம். பொலிசுக்குப் போகவேண்டும்; பிள்ளைகளின் விஷயமானால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணுக்கு யாரும் அழைக்கலாம்.

எல்லாம் முயன்றும் ஒத்துப்போக முடியாத நேரமும் வரும். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுமையான வாக்குவாதம் வந்தது. இருவரும் பிரிந்து வேறு வேறு வழியே போனார்கள். லூக்கா அதை எழுதினார், பூசி மெழுகவில்லை. ஒருவர் பணியை மற்றவர் கெடுக்கவில்லை. பின்னாளில் சிறையிலிருந்து எழுதிய பவுல் அதே மாற்குவைத் தம்மிடம் அழைத்துவரச் சொல்கிறார், தமக்குப் பயன்படுகிறவன் என்கிறார். ஆகவே ஒரு குடும்பம் மனம் நொந்து ஜெப வீட்டுக்குப் போய்விட்டால் அவர்கள் வீட்டுச் சாவுக்கு மணியடிக்க மறுப்பதும், கல்லறையில் இடம் மறுப்பதும், தண்ணீர்ப் பீலியில் முகம் திருப்புவதும் கூடாது. போனவர்களும் பழைய சபையைச் செத்த சபை என்று மேடையில் ஏசக் கூடாது. தோட்டத்தில் சுற்றிலும் பௌத்தரும் இந்துக்களும் வாழ்கிறார்கள். கிறிஸ்துவைப் பற்றி அவர்கள் அறிவது பெரும்பாலும் நாம் நடந்துகொள்ளும் விதத்திலிருந்துதான்.

தோட்டங்களில் கொழுந்து பறிப்பதும் பால் வெட்டுவதும் பெரும்பாலும் பெண்கள். ஆலயத்தைக் கூட்டுவதும், பூ வைப்பதும், காணிக்கைக் காசில் பெரும் பங்கைத் தருவதும் அவர்கள். கமிட்டியிலோ பெரும்பாலும் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எருசலேமின் குறை கைம்பெண்களின் பந்தியிலிருந்து எழுந்தது. பிலிப்பி சபையில் எயோதியாளும் சிந்திகேயாளும் பிணங்கியபோது பவுல் அவர்களை அதட்டாமல், தம்மோடு சேர்ந்து போராடிய உடன்வேலையாட்கள் என்று பெயர் சொல்லி எழுதி, அவர்களுக்கு உதவும்படி தம் உத்தம கூட்டாளி ஒருவரைக் கேட்டுக்கொண்டார். நம் சபைகளில் பெண்களின் சண்டை கேலிப் பேச்சாகிறது, அவர்களின் குறையோ கூட்டக் குறிப்பில் ஏறுவதேயில்லை.

ருவான்வெல்லைப் பக்கத்திலும் சப்ரகமுவவின் மற்றத் தோட்டங்களிலும் ஆலயக் கமிட்டிகளில் இருப்பவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வருடாந்தக் கூட்டத்தில் திருவிழாக் கணக்கை ரூபாய் சதத்தோடு எல்லோர் முன்னும் வாசியுங்கள். கணக்குக் குழுவுக்குப் பால் வெட்டும் பெண்கள் இருவரையும், பிணங்கி நிற்கும் தரப்பிலிருந்து ஒருவரையும் சபையே தெரிந்தெடுக்கட்டும். அந்தக் கூட்டத்துக்கு முன்பாக, ஆலயத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்ட ஒவ்வொரு வீட்டுக்கும் கமிட்டித் தலைவரே போய், என்ன குறை என்று கேட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.